நக்சாவில் இல்லாத பால்கனிகள்

அந்த நக்சாவை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. பெரிய பெரிய டாக்டர்கள் வந்து அதன் முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். அதில் குத்தியிருந்த ஊசி ஒவ்வொன்றும் என் கையால் குத்தியது. அதில் எவ்வளவு பொய் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நக்சா என்றால் வரைபடம். டெல்லியில் இத்தனை வருஷம் இருந்ததில் சில சாமான்களுக்கு எனக்குத் தமிழ்ப் பெயரே மறந்துவிட்டது. படிப்பும் கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் பெரிய மகள் எழுதுகிறாள். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அதனால் அவளுக்குத் தமிழ் எழுத்து வரும். அவள் தம்பிக்கு அதுவும் வராது. நடுவில் நடுவில் "அப்பா, விஷயத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன். அவசரப்படுத்தினால் எனக்குப் பாதி மறந்துபோகும்.

டெல்லிக்கு வந்த புதிதில் எனக்குக் கொசு மருந்து அடிக்கிற வேலை. ஒருத்தன் வாளியில் பம்பை வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு அடிப்பான், இன்னொருத்தன் குழாயைப் பிடித்துச் சுவரில் பீச்சுவான். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதற்காக நாங்கள் வாங்காத திட்டு இல்லை. ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ் வீட்டு அம்மா, சாமி படத்தில் மருந்து பட்டுவிட்டது என்று என் மேல் துடைப்பத்தை வீசினாள். பஞ்சாபி வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அடித்து முடித்ததும் கதவோரம் காவிக் கல்லால் வீட்டு எண்ணையும் தேதியையும் போட வேண்டும். எண்கள் எனக்கு அப்படிப் பழகியவைதான். எழுத்து தெரியாது, எண் தெரியும். எந்தத் தெருவில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டு முன்பக்கம் மட்டும் இல்லை, பின்பக்கமும் தெரியும். மருந்தடிக்கிறவனுக்குத்தான் ஒரு வீட்டின் பின்பக்கம் முழுதாகத் தெரியும்.

மருந்து நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதால் என்னைச் சுகாதார ஆபீசில் சப்ராசியாக, அதாவது பியூனாக, உட்கார வைத்தார்கள். எமர்ஜென்சி முடிந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கேதான் அந்த லேடி டாக்டர் வந்தாள். லக்னோ பக்கத்துக்காரி. வெளிநாட்டில் படித்தவள் என்றார்கள். நோய் எந்த வீட்டில் வந்தது, அடுத்து எந்த வீட்டுக்குப் போனது என்று நக்சாவில் புள்ளி வைத்துப் பார்த்தால் அது கிளம்பின இடம் தெரிந்துவிடும் என்பது அவள் படிப்பு. எங்கள் செக்டாரின் குவார்ட்டர்ஸ் முழுவதும், பின்னால் ஓடுகிற சாக்கடை நாலாவும், நாலாவுக்கு அந்தப் பக்கம் ஜுக்கிக் குடிசைகளும் போட்ட ஒரு பெரிய நக்சாவைச் சுவரில் அடித்து வைத்தாள். கலர் ஊசி கேட்டு எழுதிப் போட்டாள், வரவில்லை. கடைசியில் தபால் பிரிவிலிருந்து சிவப்பு அரக்கு வாங்கி, உருக்கி, குண்டூசித் தலையில் நான்தான் சொட்டு வைத்தேன். விரலெல்லாம் கொப்புளம். அதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

அந்த அம்மா பேசியதெல்லாம் இந்தி. நான் தமிழில் சொல்கிறேன்.

"மதராஸி, தூங்குறியா? நம்பர் சொன்னா ஊசி உடனே போகணும்."

"போகுது மேடம்."

"போகுதா? கைய பாரு, எருமை நடக்கிற மாதிரி."

டிஸ்பென்சரியிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மஞ்சள் காமாலைக்காரர்களின் சீட்டு வரும். அவள் பெயர், வயசு, விலாசம் படிப்பாள். நான் ஊசி குத்துவேன். அந்த மழைக்காலத்தில் சீட்டு வந்துகொண்டே இருந்தது.

இப்போது நான் எங்கே குடியிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

என்னைப் போன்ற ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கக் கிழவனாக வேண்டும். அதனால் அண்ணாச்சி வீட்டில் சப்லெட். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், மத்திய சர்க்கார் கிளார்க். அவருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் பின்பக்கத்து பால்கனியைத் தகரமும் சாக்கும் வைத்து அடைத்து எங்களுக்கு விட்டிருந்தார். அங்கே நான், என் பெண்டாட்டி, நாலு வயசு மகள். குவார்ட்டர்ஸை இப்படி உள்வாடகைக்கு விடுவது சர்க்கார் சட்டப்படி குற்றம். பிடித்தால் அண்ணாச்சிக்கு வீடு போகும், எங்களுக்குக் கூரை போகும். செக்கிங் வந்தால் நாங்கள் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள். அண்ணாச்சி என்னை "எலே மருமவனே" என்று கூப்பிடுவது அந்த அரைமணி நேரம் மட்டும்தான். மற்ற நாளில் வெறும் எலே. என் பெண்டாட்டி முன்பக்கக் கொடியில் சேலை காயப்போடக் கூடாது. சமையலறைக் குழாயைத் தொடக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் பின்சந்தில் ஒரு குழாய் இருந்தது, தோட்டிகளுக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் வைத்தது. ஒரு பள்ளத்துக்குள் இருக்கும். அங்கேதான் பிடிக்க வேண்டும்.

நாங்கள் மட்டும் இல்லை. அந்தப் பின்சந்து நெடுக பால்கனிக்குப் பால்கனி சாக்குத் தொங்கியது. கேன்டீன் சமையல்காரன், லிஃப்ட் ஓட்டுகிறவன், தினக்கூலி டைப்பிஸ்ட். பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். எல்லாரும் பள்ளத்துக் குழாய்தான்.

இவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்பான். குவார்ட்டர்ஸ் எண்ணைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். ஆகவே எல்லாரும் நாலாவுக்கு அந்தப் பக்கத்து ஜுக்கி எண்ணைச் சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு கதவிலும் கணக்கெடுப்பில் போட்ட எண் இருந்தது. அங்கே எல்லாருக்கும் ஒரு மாமன் மச்சான் இருப்பான். இந்த வழியை முதலில் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான். ஆபீசில் சீட்டுகளைப் பார்க்கிறவன், எனக்குத் தெரியும் என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். "நாலா அந்தப் பக்கத்து நம்பரச் சொல்லு, ஒருத்தனும் தேடி வரமாட்டான்" என்று நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆடி மாசத்தில் என் மகளுக்குக் கண் மஞ்சளானது. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் என் மச்சானுடைய ஜுக்கி எண்ணைக் கொடுத்தேன், நூற்றுப் பதினாலு. மச்சான் என் பெண்டாட்டிக்கு அண்ணன், கொத்தனார். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா அந்தச் சீட்டைப் படித்தாள். என் மகள் பெயர், நாலு வயசு, ஜுக்கி நூற்றுப் பதினாலு. நான் போய்க் குத்தினேன். அடுத்த எண்ணுக்கு ஊசியை எடுத்தேன். அதைத்தான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மகள் இருபது நாளில் தேறிவிட்டாள். இதை எழுதுகிறவள் அவள்தான், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

சீட்டு வர வர நாலாவுக்கு அந்தப் பக்கம் ரத்தம் தெளித்த மாதிரி ஆனது. குவார்ட்டர்ஸ் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது, அங்கங்கே ஒன்றிரண்டு. டாக்டரம்மா எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பார்த்தியா? எல்லாம் ஜுக்கியிலதான். அவங்க கைப்பம்பு தண்ணியில இருக்கு."

நான் தலையாட்டினேன். மேலிடத்துக்கும் ஜுக்கியைக் காலி பண்ணச் சாக்கு வேண்டியிருந்தது. இந்த நக்சாவோடு ஒரு ரிப்போர்ட் போனால் புல்டோசர் வரும் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். முதல் வேலையாகக் கைப்பம்புகளின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் ஆபீஸ் வராந்தாவில் போட்டார்கள்.

அப்போது என் பெண்டாட்டிக்கு ஏழு மாசம். அவள் ஒரு நாள் சொன்னாள்:

"ஏன்யா, மழ பேஞ்சா அந்தத் தண்ணி நாறுது. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். நாறினது. அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பள்ளத்துக் குழாய் நாறுது. அவ மாசமா இருக்கா. அடுப்படிக் குழாயில ரெண்டு குடம் புடிச்சிக்கட்டுமா?"

"ரெண்டு கொடம்னு ஆரம்பிச்சு, நாளைக்கு அடுப்படி ஒங்களுக்குப் பாதி எனக்குப் பாதிம்ப."

"இல்லன்னா பைப்பு ஆபீசுக்காவது ஒரு வார்த்த எழுதிப் போடுங்க."

"எழுதிப் போட்டா ஆளு வருவாம்லா? வாரவன் கொழாய மட்டுமா பாப்பான்? அண்ணாந்து பாத்தா ஒஞ் சாக்குல்லா தொங்குது. எலே, ஒனக்கு எடம் குடுத்தேன் பாரு, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். பிடிக்கலன்னா போய்க்கிட்டே இரு. எத்தன பேரு கேட்டுக்கிட்டு நிக்கான் தெரியுமா?"

அண்ணாச்சியின் சம்சாரம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டில் மாடித் தொட்டித் தண்ணீர், அதையும் காய்ச்சித்தான் குடிப்பார்கள்.

அடுத்த வாரம் எங்களுக்கு மூன்று பால்கனி தள்ளி இருந்த சமையல்காரனுடைய பெண்டாட்டிக்குக் காமாலை வந்தது. அவளும் மாசமாக இருந்தவள். இரண்டு பேரும் ஒன்றாகக் குழாயடியில் உட்கார்ந்து அரிசி களைவார்கள். ஆறே நாள். பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் போய், செத்துப்போனாள். சீட்டு எங்கள் ஆபீசுக்கு வந்தது. டாக்டரம்மா படித்துவிட்டு, "கர்ப்பிணிக்கு இது வந்தா ரொம்ப மோசம்" என்றாள், பொதுவாக, யாரிடமும் இல்லாமல். பிறகு எண்ணைச் சொன்னாள். அதுவும் ஜுக்கி எண். புருஷனுக்கு அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தவன் நான். போய்க் குத்தினேன்.

அன்றையிலிருந்து தினமும் காலையில் என் பெண்டாட்டியை வெளிச்சத்தில் நிறுத்தி அவள் இமையைக் கீழே இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பேன். அவள் என் கையைத் தட்டிவிடுவாள்.

"பாத்துக்கினே இரு. மஞ்சளானா என்னா பண்ணப்போற? ஊசி குத்துவியா?"

மச்சான் ஆபீசுக்கே வந்துவிட்டான். கையில் சிமென்ட் காயாமல் இருந்தது. வராந்தாவில் கிடந்த கைப்பிடிகளைக் காலால் ஒரு உதை உதைத்தான். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா மாப்ள, உங்க ஆபீஸ்காரன் வந்து நாலு வயசுப் பொண்ணு எங்கன்னு கேக்கறான். நூத்திப் பதினாலாம். எனக்கு ரெண்டும் பசங்கதான? எம் பொண்டாட்டி எனக்குத் தெரியாம பெத்து ஒளிச்சி வச்சிருக்காளா?"

"மெதுவா பேசு மச்சான்."

"ஏன் மெதுவா பேசணும்? எங்க சந்துல ஒருத்தனுக்குக் காமால இல்ல. எல்லாம் ஒங்க பால்கனிக்காரனுங்க. ஒங்க பீயத் தூக்கி எங்க வாசல்ல கொட்டிட்டு, எங்க வூட்ட இடிக்க வறீங்களாடா?"

"நான் இடிக்கல."

"நீ ஊசி குத்தற. எந்தங்கச்சி முகத்துக்காக உட்டுட்டுப் போறன். நாளைக்கு அவளும் போனா, அந்த மொகமும் இல்ல, தெரிஞ்சிக்கோ."

அவன் போன பிறகு நான் நக்சா இருந்த அறைக்குள் போனேன். டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தாள். நூற்றுப் பதினாலில் இருந்த ஊசியை உருவினேன். அண்ணாச்சி குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் குத்தினேன். அடுத்தது டைப்பிஸ்டின் தம்பி. அவனை உருவினேன், அவன் பால்கனியில் குத்தினேன். லிஃப்ட்காரனுடைய அம்மா. சமையல்காரனுடைய பெண்டாட்டி. சீட்டு படித்தபோதே ஒவ்வொருத்தரும் யார் என்று எனக்குத் தெரிந்தது. எந்த ஊசி யார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாதி முடிந்தபோது அவள் வந்துவிட்டாள். கையில் இருந்த டம்ளரைத் தூக்கி எறிந்தாள், என் மேல் படவில்லை.

"திருட்டுப் பயலே! நாளைக்கு மீட்டிங். எவன் காசு குடுத்தான் உனக்கு? ஜுக்கிக்காரனா?"

"மேடம், இது என் பொண்ணு."

"என்ன?"

"இந்த ஊசி. இது என் பொண்ணு. நான் ஜுக்கியில இல்ல. இங்க இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். மீதி ஊசிகளையும் அவள் முன்னாலேயே மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் யார் என்று சொன்னேன். முடித்ததும் நானும் எட்டி நின்று பார்த்தேன். நாலாவுக்கு அந்தப் பக்கம் காலியாகிவிட்டது. ஊசியெல்லாம் ஒரே பின்சந்தின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக, பல் முளைத்த மாதிரி நின்றன. வரிசைக்கு நடுவில் பள்ளத்துக் குழாய். அதுவரைக்கும் எனக்கும் அது தெரியாது. நாற்றம் தெரியும், இது தெரியாது.

"இந்தக் குழாயிலதான் எல்லாரும் குடிக்கிறாங்களா?"

"நாங்க மட்டும். வீட்டுக்காரங்க தொட்டித் தண்ணி."

"இத்தனை நாள் என் முன்னால நின்னு பொய் குத்தியிருக்கே."

"ஆமா மேடம்."

"குவார்ட்டர்ஸ் நம்பரெல்லாம் சொல்லு. எழுதிக்கிறேன்."

"நம்பர் வேணாம் மேடம். குழாய மட்டும் தோண்டச் சொல்லுங்க. நம்பர் வெளிய போனா எங்கள வெளிய தள்ளிடுவாங்க."

"விலாசம் இல்லாத ஊசி ஊசியே இல்ல. எவன் நம்புவான்? இது சுகாதாரத்துக்கு மட்டும்தான், வேற யார் கைக்கும் போகாது. சொல்லு."

என் பெண்டாட்டியின் கண்ணை நினைத்துக்கொண்டு எல்லா எண்களையும் சொன்னேன்.

மறுநாளே பின்சந்தைத் தோண்டினார்கள். பள்ளத்துக்கு வருகிற தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து இற்றுப்போய், உடைந்த சாக்கடைக் குழாயோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மழையில் பள்ளம் நிரம்பி, குழாயில் தண்ணீர் வரத்து நின்றுபோகிற நேரத்தில் அந்தச் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது. கைப்பிடிகளைத் திரும்ப ஜுக்கிக்கு எடுத்துப் போனார்கள். புல்டோசர் அந்த வருஷம் வரவில்லை.

ஆனால் என் பெண்டாட்டி அதே தண்ணீரை எத்தனையோ நாள் குடித்திருந்தாள். டாக்டரம்மாவைக் கேட்டேன். "ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சுக்கூட வரும். பார்த்துக்கிட்டிரு" என்று ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பத்து நாளில் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற ஆபீசிலிருந்து ஆள் வந்தான். கையில் காகிதம். நான் சொன்ன எண்கள், நான் சொன்ன அதே வரிசையில். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. ரிப்போர்ட்டோடு அந்தப் பட்டியலும் சுற்றியிருக்கிறது. டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "அது என் வேலை இல்லை" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அவளுக்கு டீ கொண்டுபோய் வைத்தேன்.

ஒரே நாளில் சந்து முழுக்கச் சாக்கைக் கிழித்தார்கள். தகரப் பெட்டியும் அடுப்பும் தெருவில். அண்ணாச்சிக்கு நோட்டீஸ். அவர் என் பெட்டியைத் தானே தூக்கி வெளியே வைத்தார்.

"எலே, சோறு போட்ட வீட்டுல கொள்ளி வச்சிட்டல்லா. நல்லா இருப்ப."

"நீங்க சோறு போடல அண்ணாச்சி. தண்ணிகூடக் குடுக்கல."

அவர் கையை ஓங்கினார். அவர் சம்சாரம் வந்து பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டைப்பிஸ்ட் காறித் துப்பினான். லிஃப்ட்காரனுடைய அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அவள் காமாலையிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த சமையல்காரன் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பொய் நம்பரு சொல்லச் சொன்னதும் நீ. நெச நம்பரக் குடுத்ததும் நீ. எம் பொண்டாட்டிக்கு ரெண்டு எடத்துல ஊசி குத்தினியாமே?"

என் பெண்டாட்டி பக்கத்தில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதுவரை பொய் ஊசி விஷயம் முழுதாகத் தெரியாது. அப்போதுதான் தெரிந்தது.

ஊர் எல்லையில் ஒரு அறை பிடித்தோம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தினமும் காலையில் வெளிச்சத்தில் இமையை இழுத்துப் பார்ப்பது நிற்கவில்லை. அவள் கையைத் தட்டிவிடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை, காட்டிவிட்டுப் போவாள். வெள்ளையாகவே இருந்தது. ஒன்றரை மாசம் தாண்டிற்று. பிள்ளை பிறந்தது, ஆண். ஆஸ்பத்திரியில் நர்ஸ் விலாசம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே படுத்தபடி புது அறையின் எண்ணைச் சொன்னாள்.

நர்ஸ் போன பிறகு அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"எம் பொண்ணு ஊசிய நீ குத்தின அன்னிக்கே நெசத்தச் சொல்லியிருந்தா, அவ இருந்திருப்பா இல்ல?"

யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். குழாயடியில் அவளோடு அரிசி களைந்தவள்.

"அப்ப எனக்கு என்னா தெரியும்? தண்ணின்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"தண்ணின்னு தெரியாது. பொய்யின்னு தெரியுமில்ல?"

பிள்ளையை எடுத்துச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டு அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் பஸ் பிடிக்கப் போனேன்.